மிச்சமிருந்த ஏழு தாள்கள்

மார்ச் 4

என் குள்ளிக்கு,

நலமா? நீ பதில் போடமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். உன் சோம்பல் ஊரறிந்தது. பேப்பர் கடை வேலை பரவாயில்லை. நாள் முழுக்க நிற்பதில் கால்தான் வீங்குகிறது.

போன வாரம் மருத்துவத் தட்டச்சுப் பயிற்சி நிலையத்து அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். நான் ஆஸ்பத்திரியில் டைப்பிஸ்டாக இருந்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். “மருத்துவச் சொற்கள் வகுப்பு எடுக்க வர்றீங்களா?” என்றார். ஒரு நிமிடம் நாக்கு ஊறியது. மதிய இடைவேளையில் சோற்றுக் கையோடு நாம் படித்த படிப்பு! வாலைப் பிடித்தால் வார்த்தை மாட்டும்: ‘ஐட்டிஸ்’ என்றால் அழற்சி, ‘எக்டமி’ என்றால் வெட்டி எடுத்தாயிற்று. டயக்னோசிஸ் ஒன்று, டயக்னோசீஸ் பல. நிமோனியாவுக்கு முன்னால் நிற்கும் ‘பி’யை, “வீட்டோட மாப்பிள்ளைடி, இருப்பான், வாயே திறக்கமாட்டான்” என்பாயே!

ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ‘ஹைப்போ’வை ‘ஹைப்பர்’ என்று அடித்து, சர்க்கரை குறைந்தவரைக் கூடியவர் ஆக்கி, ஒரு பெரியவரைச் சாகக் கிடத்தியவள் நான். எந்த முகத்தோடு கரும்பலகை முன் நிற்பேன்? ஆறு வருஷமாகியும் ஆறவில்லை.

வேலையை விட்ட அன்று நீ மட்டும்தான் வாசல் வரை வந்தாய். அதை மறக்கவில்லை.

உன்
நெட்டை


மார்ச் 19

நெட்டை,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். எனக்கு அந்த உரிமை இல்லை.

அந்தத் தாளை நீ அடிக்கவில்லை. நான் அடித்தேன்.

அன்று மகனுக்குக் காய்ச்சல் என்று மதியமே ஓடினாய். உன் மேசையில் ஏழு தாள் பாக்கி. உன் கம்ப்யூட்டர் உன் நம்பரிலேயே திறந்திருந்தது. நீ திட்டு வாங்கக் கூடாதே என்று உட்கார்ந்து அடித்தேன். எனக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். ஒலிப்பதிவில் டாக்டர் பேசியதைப் பாதி கேட்டேன், பாதி ஊகித்தேன். மூன்று நாள் கழித்து நீ வந்தபோது, மிச்சத்தை வேறு மேசைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாய். நானும் சொல்லவில்லை.

விசாரணையில் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ‘ஹைப்போ’ என்று மணிமணியாய் வந்தது. அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. “என் நம்பர்தானே சார், அன்னிக்குக் காலையில நான்தான் அடிச்சிருப்பேன்” என்று நீ தலைகுனிந்தாய். நான் ஸ்டேப்ளரைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு உன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். கூசாமல் உட்கார்ந்தேன்.

வாசல் வரை வந்தது அன்பினால் இல்லை. ஏதாவது ஞாபகம் வந்து நீ திரும்பிவிடுவாயோ என்ற பயத்தினால்.

குள்ளி


மார்ச் 27

கடையில் நின்றபடியே படித்தேன்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேலையை விட்ட மறுவாரம் அந்தப் பெரியவரின் வீட்டைத் தேடிப் போனேன். அவர் உள்ளே படுத்திருந்தார். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “போம்மா, போ” என்று மட்டும் சொன்னார் அந்த அம்மா.

அது நான் அழ வேண்டிய அழுகை இல்லை. நீ போய் அழு.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 11

நெட்டைக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நடந்ததை மேலதிகாரியிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. பயிற்சி நிலையத்தில் காட்டவேண்டுமானால் காட்டு. என் வேலை என்னாகும் என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வீட்டுக்கும் போனேன். பெரியவரே கதவைத் திறந்தார், நன்றாக இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவிதான் கேட்டார்:

“அப்போ அன்னிக்கு வந்து அழுதுச்சே, அந்த உயரமான பொண்ணு... அது ஒண்ணுமே பண்ணலையா?”

“இல்லம்மா.”

“அய்யோ, ஒரு வாய் தண்ணிகூடக் குடுக்காம அனுப்பிட்டேனே!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. உன்னைப் பற்றியேதான் கேட்டுக்கொண்டிருந்தார். நான் எழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

உன் விலாசம் கேட்டார். உன்னைக் கேட்காமல் நான் கொடுக்கவில்லை. அவருடையதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

குள்ளி