மீன் எண்ணெய் பூசிய பேரிங்

கை இன்னும் நாறுகிறது. சோப்பு போட்டு மூன்று முறை, டீசலில் ஒரு முறை, கடைசியில் எலுமிச்சம்பழத் தோலையும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். இன்று காலை நம் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்முக்குள்ளிருந்து பழைய பேரிங்கைத் தட்டி வெளியே தள்ளியபோது முகத்தில் குப்பென்று அடித்த வாடை. சுறா எண்ணெய். நீ உன் கையால் பூசியது. நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது, உன் எண்ணெய் மட்டும் அந்த இருட்டுக்குள் பிசின் மாதிரி இறுகிக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த வண்டியை வாங்கலாம் என்று நீ சொன்ன நாளில் நான் முடியவே முடியாது என்றேன். முன்னால் பெரிய கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, கட்டில் மாதிரி நீள சீட்டு. அதை விற்ற சென்னைக்காரர் வடக்கே பனிமலை வரைக்கும் அதில் போய் வந்தவராம். நண்டு பிடிக்கிற நமக்கு எதற்கடா மலைக்குப் போகிற வண்டி என்று கேட்டேன். "நண்டுக்கு இன்னா தெரியும், மலைக்குப் போற வண்டியா, மீஞ்சூருக்குப் போற வண்டியானு" என்றாய். பாதிப் பாதி போட்டு வாங்கினோம். பனிமலை பார்த்த பெட்டிகளில் மறுநாளே ஐஸும் நண்டும் ஏறின.

யாருக்கு எந்த நாள் என்று நான் குழம்பியபோது பாடு வைத்துக்கொள்ளலாம் என்றதும் நீதான். நம் பழவேற்காட்டு ஏரியில் இன்றைக்கு இந்த ஊர் வலை போடும், நாளைக்கு அடுத்த ஊர் என்று முறை வைத்திருப்பதைப்போல வண்டிக்கும் ஒரு முறை. ஒரு நாள் உன் வாசலில் நிற்கும், மறுநாள் என் வாசலில். படகில் நாம் ஒன்றாகவே போனோம், வண்டிக்கு மட்டும் பாடு. ஊரே சிரித்தது. ஆனால் ஒரு நாளும் அந்த முறைக்காக நாம் முகம் சுளித்ததில்லை, அது எனக்கு இப்போதும் பெருமைதான்.

வண்டிக்கு எமன் உப்புத்தண்ணீர். ஏரிக்கு நடுவில் உள்ள தீவுக்கு அந்தப் பக்கம் போவதற்கு அதைப் படகில் சாய்த்துப் படுக்கவைத்துக் கொண்டுபோவோம். படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் சக்கரம் ஊறும். தண்ணீர் வற்றிய மாதங்களில் நீ ஏரிக்குள்ளேயே இறக்கி ஓட்டுவாய், சொன்னால் கேட்கமாட்டாய். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேரிங் கத்த ஆரம்பித்துவிடும். இரண்டாவது முறை மீஞ்சூர் மெக்கானிக் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிக் காட்டினார். கரகரவென்று மணல் அரைபடுகிற சத்தம். இந்த வண்டியைக் குளிப்பாட்டுகிறீர்களா, இல்லை ஊறுகாய் போடுகிறீர்களா என்று கேட்டார். உனக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது.

மூன்றாவது முறை நீயே மாற்றினாய். மாற்றியது தப்பில்லை. கிரீஸ் வைக்க வேண்டிய இடத்தில் படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெயை ஊற்றினாய் பார், அதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை. "மரத்தையே உப்பு தின்னாம காப்பாத்துது. இரும்ப காப்பாத்தாதா?" என்று கேட்டாய். எனக்கும் அது சரி என்றே பட்டது. நம் ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். மரத்தின் மேல் காய்ந்து தோலாகப் படிவதால்தான் அது படகைக் காக்கிறது, சுற்றுகிற பொருளுக்குள் காய்ந்தால் பசையாகப் பிடித்துக்கொள்ளும் என்று நம் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

எண்ணெய் முதலில் பிரேக் கட்டையில் இறங்கியது. மறுநாள் ஏலம் நடக்கிற இடத்துக்கு இறக்கத்தில் வந்தாய். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீ மிதிக்கிறாய், வண்டி நிற்கவில்லை. கூறு கட்டி வைத்திருந்த இறாலுக்குள் போய்த்தான் நின்றோம். ஏலம் கூறுகிற அம்மா எழுந்து வந்து நம்மை விட்டுவிட்டு வண்டியை ஏற இறங்கப் பார்த்தாள். "பிரேக்கு இல்லாத வண்டிக்கு கண்ணாடி இன்னாத்துக்குடா?" என்றாள். அதன்பிறகு ஒரு மாதம் நீ எங்கே நிறுத்தினாலும் பின்சக்கரத்தைச் சுற்றி நாலு பூனை. பிரேக் கட்டையை மாற்றினாய், டிரம்மைத் துடைத்தாய், பேரிங்கை மட்டும் தொடவிடவில்லை. மேலே கிரீஸை அப்பி மூடிவிட்டாய். நீ தோற்றதாக ஆகிவிடுமே!

இவ்வளவு பிடிவாதம் பிடித்தவன் காய்ச்சலுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தாய் என்று எனக்குக் கோபம் உண்டு. எட்டே நாள். பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்தபோது வண்டி என் வாசலில் நின்றது. மறுநாள் உன் பாடு. எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? எடுக்கவில்லை. அடுத்த நாள் என் பாடு, அன்றைக்கும் எடுக்க மனம் வரவில்லை. அப்படியே நின்றுவிட்டது. மழையில் நனைந்து, பிறகு உப்புக்காற்றில் காய்ந்து டயர் இரண்டும் பாளம் பாளமாக வெடித்தன.

எனக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், உனக்குத் தெரியாததா? கல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொல்லி இருபது வருஷம் திட்டினாய். ஏரியிலிருந்து வந்து சோறு வடித்துச் சாப்பிட்டால் அதற்குப் பிறகு வாய் திறக்க வேலை இல்லை. சாயங்காலங்களில் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்தேன். இன்றைக்கு எவ்வளவு நண்டு, யார் வலை அறுந்தது, துறைமுகத்துப் பக்கம் தண்ணீர் எப்படிக் கலங்கியிருக்கிறது என்று உன்னிடம் சொல்வேன். சத்தமாகவே சொல்வேன். சொன்னபிறகு தூக்கம் வரும்.

பொங்கல் முடிந்து உன் மகளுக்கு மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. காலை ஷிப்ட். முதல் பஸ் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமா சித்தப்பா என்று வந்து கேட்டாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்து வைத்திருந்தாயே. டயர் போய்விட்டது, பேரிங் போய்விட்டது, மாற்றித் தருகிறேன் என்றேன். அந்த வாரமே மீஞ்சூர் போய் இரண்டு டயரும் பேரிங்கும் வாங்கி வந்தேன். கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

இதுதான் உன்னிடம் சொல்ல வேண்டியது. இரண்டு மாதம் அங்கேயே கிடந்தன. முதல் சில வாரம் அவள் வந்து கேட்டபோதெல்லாம் பழைய வண்டி, அந்த அளவு பேரிங் கிடைக்கவில்லை, சென்னையில் சொல்லிவைத்திருக்கிறேன் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். வண்டி ஓடினால் போய்விடும். போய்விட்டால் சாயங்காலம் எனக்கு யார்? பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள், போன வாரம்தான் மறுபடி வந்தாள். "மூணு தபா லேட்டாயிடுச்சி சித்தப்பா. இன்னொரு தபா ஆச்சினா வர வேணாம்னு சொல்ட்டாங்க" என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகும் நான்கு நாள் சும்மா இருந்தேன். நீயாக இருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாய்.

இன்று கம்பெனிக்கு லீவு. காலையில் ஏரிக்குப் போகாமல் சக்கரங்களைக் கழற்றினேன். இரண்டு ஆள் செய்கிற வேலை அது. ஒருவன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவன் தட்ட வேண்டும். பின்சக்கரத்தைக் காலால் இடுக்கிக்கொண்டு, இரண்டு பேரிங்குக்கும் நடுவே இருக்கும் குழாயைக் கம்பியால் ஒரு பக்கம் நெம்பிவிட்டு, பேரிங்கைச் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். நாலு தட்டுக்கு ஒரு முறை சக்கரம் உருண்டு போய்விடும். பிடிடா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை வாயை மூடிக்கொண்டேன்.

புது பேரிங்குகளைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இறால் ஐஸுக்குள் புதைத்து வைத்திருந்தேன். டிரம் வெயிலில் காய்ந்தது. குளிர்ந்தது சுருங்கும், காய்ந்தது விரியும், நம் ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? அழுத்தியதும் சொல் கேட்கிற பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. இந்த யோசனை அன்றைக்கு நம் இருவருக்கும் வரவில்லையே என்று சிரித்தேன். நடுக்குழாயை மறக்காமல் வைத்து அடுத்த பக்கத்தையும் அடைத்தேன். உள்ளேயே கிரீஸ் வைத்து ரப்பர் போட்டு மூடி வருகிற பேரிங், உன் எண்ணெய்க்கு அதில் வழியில்லை. முன்சக்கரமும் அப்படியே. டயருக்கு சோப்புத்தண்ணீர் தடவி, டியூப் இடுக்கில் சிக்கிக்கொள்ளாமல் ஏற்றினேன். எல்லாம் முடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டபோது சத்தமே இல்லை. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆள் அனுப்பியதும் உன் மகள் வந்தாள். ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தாள். நான் சும்மா இருக்க மாட்டாமல், ஒரு வழியாகச் சென்னையிலிருந்து பேரிங் வந்தது என்று ஆரம்பித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"மீஞ்சூர் கடையில நானே போய்க் கேட்டேன் சித்தப்பா. உங்க சித்தப்பா அப்பவே வாங்கினு போய்ட்டாரேனு கடக்காரரு சொன்னாரு. பொங்கல் முடிஞ்ச மாசமே தெரியும். நீ வண்டியண்ட குந்தினு நைனாகிட்ட பேசினு இருந்த. அத எப்பிடி வந்து புடுங்கறதுனு உட்டுட்டேன்."

பார்த்துப் போம்மா என்று மட்டும் சொன்னேன். வண்டி பழவேற்காடு ரோட்டில் ஏறித் திரும்பியது.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் அதே இடத்தில் போய் உட்கார்ந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. வேலை போனாலும் போகட்டும், இந்த ஆள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று ஒரு சின்னப் பெண் இரண்டு மாதம் விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறாள். அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இனி நான் நடமாட வேண்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது, உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை. அதனால்தான் உள்ளே வந்து விளக்கைப் போட்டு இதை எழுதினேன்.