கவர் பிரிக்காத கேபிள்

ஞாயிறு, திண்டிவனம்.

தூக்கம் வரவில்லை. மதியம் நடந்ததை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

என் கிடாரை ஆம்ப்ளிஃபயரோடு இணைக்க விலை உயர்ந்த கேபிள் ஒன்று வாங்கி வந்திருந்தேன். அதனால் ஒலியில் ஒரு வித்தியாசமும் இருக்காது என்று என் மனைவி மாலதி ஒரே பிடிவாதம்.

"கண்ணைக் கட்டிக்கினு வாசிங்க. நான் மாத்தி மாத்திச் சொருகறேன். எது புதுசுன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

விழுப்புரம் கச்சேரிக்கு ஒத்திகை பார்க்க வந்திருந்த கீபோர்டு குமரேசன் போனில் பதிவு செய்தான்.

முதல் தடவை வழக்கம்போல்தான் இருந்தது. பிறகு கிடாரிலிருந்து பிளக்கைக் கழற்றிச் சொருகும் சத்தம் கேட்டது. மறுபடியும் அதே பாட்டை வாசித்தேன். ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகப் பேசியது. "இதுதான் புதுசு!" என்று கத்திவிட்டேன்.

கண்கட்டை அவிழ்த்தேன். புதுக் கேபிள் கவர்கூடப் பிரிக்காமல் மாலதியின் மடியில் கிடந்தது.

"பழசையேதான் கழட்டி மறுபடி சொருகினேங்க."

வெட்கமாகிவிட்டது. "என் காதே என்னை ஏமாத்திடுச்சு" என்றேன்.

"இல்லண்ணே, இதைக் கேளுங்க" என்று குமரேசன் பதிவை ஓடவிட்டான். இரண்டாவது நிஜமாகவே நன்றாக இருந்தது. எங்கும் அவசரம் இல்லை. ஒரு சுரம்கூட மழுங்கவில்லை.

மாலதியும் அசந்துபோய்ச் சொன்னாள்: "நல்ல கேபிளுன்னு நெனச்சிக்கினு அவ்ளோ பொறுமையா வாசிச்சிருக்கீங்க."

கேபிளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் அப்படி வாசிக்க என் விரல்களுக்குத் தெரியும் என்பது இத்தனை வருடமாக எனக்கே தெரியவில்லையே. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.