ஆறு யன்னல் வீடு

பலெர்மோ
21.02.1999

அன்பின் ஜூலியின் அப்பாவுக்கு,

மாதாவின் கிருபையால் எனக்கு உடம்புக்கு ஒரு குறையுமில்லை. மார்கழியில் நீங்கள் எழுதிய கடிதம் போன மாதக் கடைசியில்தான் கைக்கு வந்தது. யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டியிருந்தார்கள். ஆகவே நானும் யோசித்துத்தான் எழுதுகிறேன். ஜூலிக்குக் காய்ச்சல் விட்டதா? மடு முகாமில் மழைக்குக் கொட்டில் ஒழுகுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கூரை வேயக் கிடுகு கிடைக்காவிட்டால் சுவாமியாரிடம் மேலே விரிக்க ஒரு தறப்பாள் கேளுங்கள். வாய்விட்டுக் கேட்க வெட்கப்படுகிற ஆள் நீங்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் இங்கே குடியிருக்கிற வீட்டின் படத்தை முகாம் முழுக்கக் காட்டினீர்களாம். ஆறு யன்னலையும் எண்ணி, பக்கத்துக் கொட்டில் தவராசாவுக்கு ஓர் அறை தருவதாக வாக்கும் கொடுத்தீர்களாம். வாசித்துச் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. கடைசியில், "மேலை இருக்கிற மூண்டு யன்னலும் ஏன் ஒரே மாதிரி அரைவாசி திறந்து கிடக்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேசன் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக இரண்டு வருடம் மறைத்துவிட்டேன்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே யன்னல்கள். மற்ற நான்கும் சுவரில் தீட்டிய ஓவியம்.

வீட்டின் கதையை நான் பராமரிக்கிற வயதான அம்மா, சினியோரா, சொன்னா. வீடு அவவின் குடும்பச் சொத்து, எனக்கு ஒப்பந்தம் எழுதி வாடகைக்கு விட்டிருக்கிறா. இருநூறு வருடத்துக்கு முன் நாப்போலி நகரத்தில் சண்டை வந்து, அங்கே ஆண்ட அரசன் கப்பலேறி இங்கே ஓடிவந்தானாம். அவனும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவன்தான். ஆனால் அவனுக்கு வேட்டையாட மலையடியில் ஒரு பெரிய காடே கிடைத்தது. காட்டோரத்தில் வேட்டைப் பறவைகள் வளர்க்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்த குடில்தான் இது. அரசனின் குதிரை வண்டி போகிற பாதையில் இருப்பதால் பார்வைக்கு லட்சணமாக இருக்க வேண்டும். பறவைக்காரனுக்கு மாடி எதற்கு என்றும் நினைத்திருக்கிறார்கள். ஆகவே முகப்பை மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு எழுப்பி, யன்னல் கதவுகளை நிழலோடு தீட்டிவிட்டார்கள். அந்த நிழல் காலையிலும் மாலையிலும் ஒரே பக்கம்தான் விழும். உள்ளே ஓர் அறை, ஒரு குசினி, மேலே பறவைக் குஞ்சுகளை அடைத்து வைத்த, பரண் மாதிரி ஓர் அட்டாளை. அதில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவர் மட்டும் சும்மா சொல்லக்கூடாது. மஞ்சள் கல், சுண்ணாம்புச் சாந்து, இரண்டு முழத் தடிப்பு. நீங்கள் பார்த்தால் சாப்பாட்டையும் மறந்து தடவிக்கொண்டு நிற்பீர்கள்.

பூசை முடிந்து கோயிலால் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கூட்டாளி கிளறா அந்தப் படத்தை எடுத்தாள். உங்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கட்டும், உண்மையைப் பிறகு சொல்லலாம் என்று அனுப்பினேன். பெருமையும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

இப்போது அதுதான் வினையாகிவிட்டது. புதுச் சட்டப்படி குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் முதலில் வீட்டை அளந்து, இத்தனை பேருக்குப் போதும் என்று கடிதம் வாங்க வேண்டும். போன மாதம் அளக்க ஆள் வந்தார். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஏர்னஸ்ற் அண்ணன் துணைக்கு நின்றார். வந்தவர் அட்டாளைக்குள் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, இது கணக்கில் வராது என்றார். மொத்தம் இரண்டு பேர் என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். ஏர்னஸ்ற் அண்ணன் வெளியே போய் நிமிர்ந்து பார்த்து, "வெளியிலை அரமனை, உள்ளுக்கை கோழிக்கூடு. கட்டினவனை இப்ப எங்கை போய்ப் பிடிக்கிறது?" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. அட்டாளையை உயர்த்தி ஒரு யன்னல் வெட்டலாமா என்று சினியோராவின் மகனைக் கேட்கச் சொன்னேன். பழைய கட்டடங்களைப் பார்க்கிற அலுவலகம் முடியாது என்றுவிட்டது. அரசன் காலத்து வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்கக்கூடாதாம். தீட்டிய யன்னல்களுக்கு இருநூறு வயதாம், அவற்றைப் பாதுகாக்க வேண்டுமாம். தமிழில் நன்றாகத் திட்டிவிட்டு வந்தேன். நீங்கள் வந்தால் ஒரு கிழமையில் வெட்டி முடித்துவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெட்ட விடமாட்டார்கள். வேறு வீடும் தேடினேன். எங்கள் ஆட்களுக்கு அறை தருவார்கள், ஒப்பந்தம் எழுதித் தரமாட்டார்கள். அது இல்லாவிட்டால் வீட்டை அளக்கவும் வரமாட்டார்கள்.

இரண்டு பேரென்றால் நானும் இன்னொருவரும்தான். ஜூலிக்கு வைகாசியில் பதினெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு பிள்ளை என்று கூப்பிட முடியாதாம். புருஷனை எப்போதும் கூப்பிடலாமாம். விமலராணியின் மகள், அவளோடு படித்த பிள்ளை, இப்போது வீட்டில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த வயதுப் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், இதற்கு மேல் கடிதத்தில் எழுதக்கூடாது.

படிவத்தை இந்த மாதம் பன்னிரண்டாம் திகதி கொடுத்துவிட்டேன். ஜூலியின் பெயரைத்தான் எழுதினேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யோசிக்காமல் ஓம் என்றிருப்பீர்கள். அந்த ஓமை வாசிக்க எனக்குத் தைரியமில்லை. கோபமென்றால் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். உங்களை வேண்டாமென்று விட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

அனுமதிக் கடதாசி வந்ததும் பிள்ளையைக் கொழும்புக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். வேறு ஆளை நம்பி விடாதீர்கள். நீங்கள் இல்லாமல் பிளேன் ஏறமாட்டேன் என்று அடம்பிடிப்பாள். உங்கள் பிடிவாதம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது. "நீ முன்னாலை போ, அப்பா பின்னாலை வாறன்" என்று சொல்லுங்கள். குரல் தளராமல், அவள் நம்புகிறமாதிரிச் சொல்லுங்கள். அதையே எனக்கும் ஒரு கடிதத்தில் எழுதிப் போடுங்கள்.

மடுத் தாயார் உங்களைத் தன் சேலைக்குள் மறைத்துக் காப்பாராக.

என்றும் உங்கள்
செலஸ்ரீனா