கப்பல் பழுதான காலை

யாழ்ப்பாணம் போகும் கப்பலின் என்ஜின் பழுதாகிப் பயணம் நின்றுவிட்டதால், துறைமுகத்தில் காத்திருந்தவர்களை பஸ்ஸில் திருப்பி அனுப்பினார்கள். புஷ்பவதி பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்தில் மகளுக்குத் தலைப்பிரசவம். தரைப்பாதையோ மூடிக் கிடந்தது.

"சண்டை நேரத்தில கடலில போய்ச் சாகப் போறீரோ? நான் வழியனுப்ப வரமாட்டன்" என்று முதல்நாள் கத்திய கணவர் அருளம்பலம் வீட்டில் இல்லை. கலண்டர் தாளொன்றைக் கிழித்து எழுதினாள்.

'கப்பல் பழுது. உங்களுக்குச் சந்தோசமாயிருக்கும். திருத்தினவுடன ஏத்துவினமாம். அதால மற்ற ஆக்களோட துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்தில தங்கப் போறன். மகள் என்ர வழி பாத்துக்கொண்டிருப்பாள், சொல்லியனுப்பவும் வழியில்லை. குசினியில சோறும் மீன்குழம்பும் மூடிக் கிடக்கு. பட்டினி கிடக்காதேங்கோ. திறப்பு பரீனாவிட்ட.'

தாளை வாசற்கதவில் செருகி, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கப் போனபோது பக்கத்து வீட்டுப் பரீனா திகைத்தாள்.

"அவரைக் காணல்லையா அக்கா? கப்பல் பழுதாம் எண்டு கேட்டதும், நீங்க தனிய நிப்பீங்க எண்டு துறைமுகத்துக்கு ஓடினாரே."

ஓடின அவசரத்தில் எதையும் மறந்திருப்பாரோ என்று புஷ்பவதிக்குச் சந்தேகம் தட்டியது. திரும்பி வந்து, கொடியில் தொங்கிய அவருடைய வேலைச் சட்டைப் பையைத் துழாவினாள். அடையாள அட்டை அதற்குள்ளேயே இருந்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள்; அட்டை இல்லாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்.

'உங்கட அடையாள அட்டையைக் கொண்டு துறைமுகத்துக்குப் போறன். அதுக்கிடையில வந்திட்டீங்கள் எண்டால் வெளியில இறங்காதேங்கோ. பள்ளிக்கூடத்துக்கு நான் போகேல்லை. உங்களைக் கண்ட பிறகுதான் எனக்குக் கப்பல்.'