பவுனுக்கு இனி வெல்லம் கிடையாது

என் மாமாவுக்கு,

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. சென்னீர்குப்பத்தில் நம் வீடும் பின்னாடி இருக்கிற கொட்டகையும் நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கின்றன. உன் குதிரைதான் சாகக் கிடந்தது.

பதறாதே, பவுனு பிழைத்துக்கொண்டாள். முழுசாகச் சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒருநாளாவது முழுசாகப் பேச விட்டிருக்கிறாயா?

நீ போன பிறகு கல்யாண ஊர்வலத்துக்கு சாரட்டு பூட்ட ஆளில்லை. பவுனு கொட்டகையிலேயே நின்றாள். ஆனால் அவளைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வானகரத்து மண்டபத்தில் சமைக்கிற பாபு, பந்தியில் மிஞ்சிய பூந்தியும் கேசரியும் கொண்டுவருவான். பூக்காரி சரசு திருவேற்காடு கோயிலுக்குப் போகிற வழியில் வெல்லமும் வாழைப்பழமும் ஊட்டிவிட்டுப் போவாள். இன்னும் யார் யாரோ வந்தார்கள். பவுனின் கழுத்தைத் தடவிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசுவார்கள், நான் டீ போட்டுக் கொடுப்பேன். பிள்ளை குட்டி இல்லாத வீட்டுக்கு வேறு யார் வரப்போகிறார்கள் மாமா? அந்தச் சாயங்காலப் பேச்சை நம்பித்தான் நான் காலையில் எழுந்தேன்.

"இன்னா அண்ணி, பவுனு ஒடம்பு போட்டுகீது! அண்ணாத்தே பாத்திருந்தா குஷியாயிருப்பாரு" என்பான் பாபு. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு நின்றாள். தண்ணீர்த் தொட்டிக்குக்கூட நகரவில்லை. குளம்பைத் தொட்டேன், கொதித்தது. ஓடிப்போய் பாபுவைக் கூட்டிவந்தேன்.

"சும்மா நின்னுகினு கீது இல்ல, அதான் காலு புடிச்சிகிச்சு. ரெண்டு ரவுண்டு நடக்கவுட்டா சரியாப்பூடும்" என்று கயிற்றை இழுத்தான். ஒரே ஓர் அடி வைத்து முனகினாள். "கயித்த வுடுடா!" என்று கத்திவிட்டேன்.

பூந்தமல்லியிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார். "நல்லவேளை, நடக்க வைக்கல. இது சுளுக்கு இல்லம்மா. குளம்புக்குள்ள எலும்பைப் பிடிச்சு நிறுத்துற சதை வீங்கியிருக்கு" என்றார். இறுக்கமான ஷூவுக்குள்ளே கால் வீங்கினால் எப்படி இருக்கும், அப்படியாம். கழற்றி எறியவும் முடியாதே! விட்டால் எலும்பே இறங்கிப்போய், அப்புறம் ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் வழி என்றார். பவுனின் பிடரியை அழுத்திக் காட்டினார். கொழுப்பு கல்லாகக் கட்டியிருந்தது.

"என்ன சாப்பிடுது?"

சொன்னேன். பூந்தி என்றதும் டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா. இனிப்பும் தானியமும்தான் முதல் எமன் என்றார். வேலையில்லாமல் கொழுத்த குதிரைக்கு, மழைக்குப் பிறகு காலிமனையில் முளைக்கிற பச்சைப் புல்கூட ஆகாதாம். அதிலும் சர்க்கரை இருக்கிறதாம். புல்லில் சர்க்கரை! உனக்குத் தெரியுமா மாமா?

வலிக்கு மருந்து கொடுத்தார். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வாளியில் கொட்டி அவள் காலை அதில் வைத்தேன். தரையில் மணலைக் கொட்டி மெத்தையாக்கினேன். காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போடுகிறேன். அதுவும் அளவாக. லாடக்காரர் வந்து டாக்டரம்மா சொன்னபடி குளம்பைச் செதுக்கிக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு தணிந்தது. ஆனால் ஒருமுறை வந்தால் மறுபடியும் சுலபமாக வருமாம்.

அதனால் வாசலிலேயே நின்று எல்லோரிடமும் சொன்னேன். "யாரும் ஒண்ணும் எடுத்துகினு வராதீங்க. கைய வீசிகினு வாங்க, போதும்."

"வெறுங்கையோட எப்டி அண்ணி சாவு ஊட்டுக்கு வர்றது? அசிங்கமா இருக்காது?" என்றான் பாபு.

அதுதான் சங்கதி. வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டே ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். பாபு வருவதில்லை. டீத்தூள் பாக்கெட் பிரிக்காமல் இருக்கிறது. சில நாள் நான் பேசுகிற ஒரே பேச்சு "நகரு பவுனு" என்பதுதான். தனியாக இருக்கிறது மாமா. இப்படி இருக்கும் என்று நீயாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நேற்று பவுனு தானாகவே வாசல் கேட் வரைக்கும் நடந்து போனாள், நொண்டாமல். அந்த நேரம் பார்த்து சரசு பூக்கூடையோடு தெருவில் போனாள். பவுனு கனைத்தாள். சரசு நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "ஒண்ணும் இல்லடி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கூப்பிட வாய் வரவில்லை. குதிரைக்குக் கொடுக்க வந்தார்கள், உன்னைப் பேச வந்தார்கள், என்னைப் பார்க்க யார் வந்தார்கள் என்று தோன்றிவிட்டது. அழுதேன்.

ஆனாலும் வாக்குக் கொடுக்கிறேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் பவுனு வாயில் வெல்லம் படாது. நாளைக்கு சரசு இந்தப் பக்கம் போகும்போது தெருவில் இறங்கி, "அடியே சரசு, என்னைப் பாக்க வாடி" என்று நானே கூப்பிடுவேன்.

உன் அக்கா மகளாய்ப் பிறந்து,
உனக்கே பெண்டாட்டியாய் வந்த
கன்னியம்மா