நானூற்றுக்குப் பின் ஒன்று

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் சௌக்கியம். தலைசுற்றல் குறைந்ததா?

நேற்று ஆய்வகத்தில் ஒரு டிரான்சிஸ்டர் வெடித்தது. மூடி போட்டிருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. அணைந்திருக்கையில் நானூறு வோல்ட்டைத் தாங்கும் அது, ஓடுகையில் ஒரு வோல்ட்தான் இழக்கிறது என்று அளக்கும் கருவி காட்டியது. எனக்கு நம்பிக்கையில்லை. “எதுலயும் சந்தேகமா மேடம்?” என்று சிரித்த மேலாளர் சுமையைக் கூட்டினார். அப்புறம்தான் வெடித்தது. நானூற்றைக் கண்டு மிரண்ட கருவி, நிதானத்துக்கு வருமுன் பொய் சொல்லியிருக்கிறது. உயர் மின்னழுத்தம் கருவியை எட்டாமல் தடுத்து அளந்தால், இழப்பு மூன்று வோல்ட்; அந்தச் சூடுதான் வெடிக்க வைத்தது.

நீங்கள் மாடியேறிய கையோடு ரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள். அதை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இனி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் பார்த்து, அவரிடமும் சொல்லுங்கள். எனக்கும் அந்த அளவை உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். போனில் வரும் “நல்லாத்தாம்மா இருக்கேன்” எனக்குப் போதவில்லை.

பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்