ஜீப்புக்கு மட்டும் குளிருது

சுபா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் மொத பஸ்ஸுல ஆடலூருக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போறோம். குக்கர்ல சோறு இருக்கு, ரசத்தச் சுட வச்சுக்கங்க. பூண்டு வியாபாரி பத்து மணிக்கு வாராரு, வீட்டுல இருங்க.

குளிருக்கு இஞ்சின் சூடாகணும்னு ஜீப்ப சன்னலுக்குக் கீழ ஓட விட்டுட்டு, தெனமும் டீக்கடையில அரை மணி நேரம் உக்காந்துட்டு வாரீங்க. பொகை பூராம் சுபா படுக்கைக்குத்தான் வருது. நேத்தும் அவளுக்கு மூச்சு எளைச்சுச்சு. பொகை அவளுக்கு ஆகாதுன்னு டாக்டரு சொன்னதச் சொன்னா, பழகிப் போச்சுங்கிறீங்க.

அதே டீக்கடையில உக்காந்து, டூரிஸ்ட் கார் பொகையால நம்ம கூக்கால் மலையில குளிரே கொறைஞ்சு போச்சு, பூண்டு தெரளலைன்னு ஊருக்கே நியாயம் பேசுறீங்க. அந்தக் குளிரு ஜீப்புக்கு மட்டும் எங்கருந்து வருதோ?

இத எழுதுறப்பவும் வெளிய ஜீப்பு உறுமிக்கிட்டுத்தான் கெடக்கு. பிள்ளை இருமுறா.

வடிவு

கோழிக்குத் தீனி போட்டாச்சு.

இன்னொண்ணு. ஜீப்ப நானே ஆஃப் பண்ணிட்டேன். சாவி என் பையில இருக்கு. வேணும்னா பஸ்ஸேறி வந்து வாங்கிக்கங்க. பிள்ளைக்காக வராட்டியும் சாவிக்காக வருவீங்க.